இணையக் கடலில் நமக்கான பாடல்

பெருநாளுக்கு முந்திய இரவு. கூடத்தில் உம்மா மருதாணி அரைத்துக் கொண்டிருக்கிறார். வாப்பாவின் ஒலிநாடாப் பெட்டி பழுதடைந்து பல ஆண்டுகள் கடந்துவிட்டன. கல்லூரியில் பயிலும் மகன் தன் கைபேசியை எடுத்து, "வாப்பா, எந்தப் பாட்டு வேண்டும்? சொல்லுங்கள்" என்கிறான். வாப்பா சற்றும் தயங்காமல் நாகூர் ஹனீபாவின் பெயரைச் சொல்கிறார். அந்தக் கம்பீரக் குரல் கூடத்தை நிறைக்கிறது. ஒன்று முடிந்து மற்றொன்று, அது முடிந்து இன்னொன்று. எட்டாவதோ ஒன்பதாவதோ பாடலுக்குப் பின் முதற்பாடலே மீண்டும் வருகிறது.

"இவை எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆயிற்றே தம்பி. இவரைப் போல் நெஞ்சைத் தொடும்படி உலகில் வேறு எவரும் பாடவில்லையா?" என்று வாப்பா கேட்கிறார். மகனிடம் விடை இல்லை. உலகத்துப் பாடல்கள் அனைத்தும் உள்ளங்கையில் இருப்பதாக எண்ணியிருந்தவனுக்கு, அடுத்து எதைக் கேட்பது என்பது மட்டும் தெரியவில்லை.

வாசக அன்பர்களே! இக்காட்சி நம் இல்லங்கள் பலவற்றிலும் நிகழக்கூடியதே. வாப்பாவின் கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்று நம்மைத் தேடி வந்த பாடல்

ஒரு தலைமுறைக்கு முன் புதிய பாடல் ஒன்று நம் செவியை எவ்வாறு அடைந்தது என்பதைச் சற்றே நினைத்துப் பாருங்கள். இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை வழியாக வந்தது. கல்யாணப் பந்தலின் ஒலிபெருக்கி வழியாக வந்தது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த காக்காவின் பெட்டியில், சோப்புக்கும் சேலைக்கும் நடுவே ஒலிநாடாவாக வந்தது. "இதைக் கேட்டுப் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கும்" என்று நம் சுவையை அறிந்த ஒருவர் நம் கையில் தந்தார். வந்தவை குறைவே. ஆயினும் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு மனிதர் இருந்தார்.

இன்றைய நிலை நேர் எதிரானது. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற பெரும் இசைச் சேவைகள் ஒவ்வொன்றிலும் 10 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் குவிந்துள்ளன. ஒரு பாடல் நான்கு நிமிடம் என்று கொண்டாலும், உண்ணாமல் உறங்காமல் அனைத்தையும் கேட்டு முடிக்க 760 ஆண்டுகள் வேண்டும். பசித்தவன் முன் ஊரளவு சந்தையை விரித்து வைத்தாற்போன்ற நிலை இது. அதனால்தான் அச்சேவைகள், "உமக்குப் பிடித்தமானதை நாமே தேர்ந்து தருகிறோம்" என்று கணினியை முன் நிறுத்துகின்றன.

கணினி நம் சுவையை அறிவது எவ்வாறு?

இதற்குப் பின்னால் மாயம் எதுவும் இல்லை. முறைகள் இரண்டே.

முதலாவது, மனிதரை மனிதரோடு ஒப்பிடுவது. 1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் 'ரிங்கோ' என்றொரு சேவை தொடங்கப் பெற்றது. பாடகர்களுக்கு ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் இட்டு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். கணினி உங்கள் மதிப்பெண்களை மற்றவர்களின் மதிப்பெண்களோடு ஒப்பிடும். உங்களோடு ஒத்த சுவையுடையோர் விரும்பிய, ஆனால் நீங்கள் இன்னும் கேட்டிராத பாடகர்களின் பெயர்கள் மறுமொழியாக வரும். இதை உருவாக்கிய உபேந்திர ஷர்தானந்தும் பேட்டி மேஸும், ஒருவர் வாய்ச்சொல்லால் மற்றவர் அறியும் பழைய வழக்கத்தைத்தான் இயந்திரமயமாக்கினோம் என்று தங்கள் ஆய்வுரைக்குத் தலைப்பிட்டனர். வளைகுடாக் காக்காவின் வேலையைக் கணினி ஏற்றுக் கொண்டது எனலாம்.

இரண்டாவது, பாடலைப் பாடலோடு ஒப்பிடுவது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கி, பின்னர் 'பண்டோரா' என்று பெயர் பெற்ற நிறுவனம் இவ்வழியை மேற்கொண்டது. இசைப் பயிற்சி பெற்றவர்களே ஒவ்வொரு பாடலையும் அமர்ந்து கேட்டனர். குரலின் தன்மை, தாளத்தின் நடை, கருவிகளின் சேர்க்கை என 450 வரையிலான கூறுகளைக் குறித்து வைத்தனர். பிறர் அப்பாடலை விரும்பினரா இல்லையா என்பது அங்கே கணக்கில் வராது. எவருமறியாத ஒரு பாடகனும் தன் குரலின் தன்மையால் மட்டுமே உங்களை வந்தடையக் கூடும்.

இன்றைய சேவைகள் இவ்விரு முறைகளையும் கலந்தே கையாளுகின்றன. 2015-ஆம் ஆண்டு முதல் ஸ்பாட்டிஃபை ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒவ்வொரு நேயருக்கும் தனித்தனியே 30 பாடல்கள் கொண்ட பட்டியலை வழங்கி வருகின்றது. பலருக்கு அதில் நல்முத்துக்கள் கிடைக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை.

கூட்டத்தின் பின்னால் போனால்...

எனினும் இம்முறைகளுக்குக் குறைகளும் உண்டு. கூட்டம் விரும்பியதே மேன்மேலும் கூட்டத்தின் முன் வைக்கப்படும் என்பது அவற்றுள் முதன்மையானது.

2006-ஆம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் ஓர் அரிய சோதனையின் முடிவை வெளியிட்டனர். அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,341 பேரைக் கேட்கச் செய்தனர். ஒரு பகுதியினர் பிறர் தேர்வை அறியாமல் தாமாகவே தேர்ந்தனர். மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டனர். தத்தம் உலகில் எந்தப் பாடலை எத்தனை பேர் எடுத்துள்ளனர் என்ற எண்ணிக்கை அவர்களுக்குக் காட்டப்பட்டது. விளைவு என்ன தெரியுமா? தாமாகத் தேர்ந்தவர்களிடையே 26-ஆம் இடம் பெற்ற ஒரு பாடல், ஓர் உலகில் முதலிடம் பெற்றது. மற்றோர் உலகில் 40-ஆம் இடத்திற்குத் தள்ளப்பட்டது. பாடல் ஒன்றே, கேட்ட செவிகளும் ஒத்தவையே. முதலில் வந்த சிலர் எதை எடுத்தார்கள் என்பதே அதன் விதியைத் தீர்மானித்தது. இலட்சக்கணக்கானோர் கேட்டது என்ற எண்ணிக்கையை ஒரு பாடலின் தகுதிச் சான்றாகக் கொள்ளலாகாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமோ?

அடுத்தது, வணிகம். தமக்குரிய பங்கில் ஒரு பகுதியைக் குறைத்துக் கொள்ள இசைவு தரும் வெளியீட்டாளரின் பாடல்களைச் சில பகுதிகளில் கூடுதலாக முன்வைக்கும் ஏற்பாட்டை 2020-ஆம் ஆண்டில் ஸ்பாட்டிஃபை அறிவித்தது. ஆகவே பரிந்துரை அனைத்தும் நம் சுவையை மட்டுமே கருதி வருவன என்று எண்ணிவிடுதல் கூடாது.

மூன்றாவது குறை நம் வீட்டிலேயே உள்ளது. ஒரே கைபேசியில் வாப்பா பைத்துக் கேட்கிறார், மகள் திரைப்பாடல் கேட்கிறாள், மழலைக்குத் தாலாட்டு ஒலிக்கிறது. கணினியோ இவர்கள் மூவரையும் ஒரே மனிதராகக் கருதிக் குழம்புகின்றது. இயன்றால் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வைத்துக் கொள்ளுங்கள். இயலாவிடில், கேட்டவற்றின் பதிவை அவ்வப்போது நீக்கிவிடுங்கள். ஒரு பாடல் முடிந்ததும் அடுத்தது தானாகவே தொடங்கும் ஏற்பாட்டையும் நிறுத்தி வையுங்கள். அடுத்ததை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால்தான் தேடல் தொடங்கும்.

பெயரைப் பற்றிக் கொள்ளுங்கள்

அப்படியாயின் தேடுவது எவ்வாறு? எதை நாம் விரும்புகிறோம் என்பதைச் சொற்களால் உணர்ந்து கொள்வதே முதற்படி. நாகூர் ஹனீபாவின் பாடலில் வாப்பாவை ஈர்ப்பது எது? உச்சத்தில் நின்று முழங்கும் திறந்த குரல், தெளிவான சொல், இறைப்புகழ் பேசும் பொருள் என்று அவர் சொல்லக் கூடும். இவற்றை வேறு எங்கே காணலாம் என்று கேட்டால், வடபுலத்துக் கவ்வாலி நினைவுக்கு வரும். கவ்வாலி என்றதும் நுஸ்ரத் ஃபதேஹ் அலி கானின் பெயர் முன் நிற்கும். 1948-இல் பஞ்சாபின் ஃபைசலாபாத்தில் பிறந்து 1997-இல் மறைந்த அம்மேதை, ஆர்மோனியமும் தபலாவும் கைத்தட்டும் சூழ, குழுவினர் பின்தொடரப் பாடியவர். சொல் விளங்காவிட்டாலும் குரல் விளங்கும்.

அவரைக் கண்டடைந்ததோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு பதிவின் பின்னும் பல பெயர்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றிக் கொண்டு நடந்தால் கணினி காட்டாத வீதிகளெல்லாம் கண்முன் விரியும்.

உடன் வாசித்தவரின் பெயரைப் பற்றுங்கள். 1990-இல் நுஸ்ரத்துடன் சேர்ந்து 'மஸ்த் மஸ்த்' என்னும் தொகுப்பில் பணியாற்றியவர் கனடா நாட்டுக் கிட்டார் கலைஞர் மைக்கேல் புரூக். அவர் வேறு எவரோடு வாசித்துள்ளார் என்று தேடினால், 1995-இல் வெளியான 'டிரீம்' என்னும் தொகுப்பில் அவர் அருகே இருப்பவர் நம் மாண்டலின் ஸ்ரீனிவாஸ்! லாகூரை நோக்கிப் புறப்பட்டவர் சென்னைக்கே வந்து சேர்ந்தார் பாருங்கள்.

வெளியிட்டவரின் பெயரைப் பற்றுங்கள். இவ்விரு தொகுப்புகளையும் வெளியிட்டது பீட்டர் கேப்ரியல் இங்கிலாந்தில் நிறுவிய 'ரியல் வேர்ல்டு' நிறுவனம். அதன் பட்டியலைப் புரட்டினால் கவ்வாலியின் மற்றொரு பெருங்குடும்பமான சாப்ரி சகோதரர்கள் இருக்கிறார்கள். கென்யா நாட்டின் அயூப் ஒகாடா இருக்கிறார். எட்டு நரம்புகள் கொண்ட 'நியாட்டிட்டி' என்னும் யாழை மீட்டி, மென்மையான குரலில் பாடியவர் அவர்.

கருவியின் பெயரைப் பற்றுங்கள். ஆப்பிரிக்க நரம்புக் கருவியின் ஓசை பிடித்துப் போயிற்றா? அக்கண்டத்தின் மேற்கே 'கோரா' என்னும் 21 நரம்புக் கருவி உண்டு. சுரைக்குடுக்கையின் மேல் தோல் போர்த்திச் செய்வது அது. அதன் பெருங்கலைஞர் மாலி நாட்டின் துமானி ஜபாத்தே. 2005-இல் அவரும் அதே நாட்டின் அலி ஃபர்கா தூரேயும் இணைந்து அளித்த 'இன் தி ஹார்ட் ஆஃப் தி மூன்' என்னும் தொகுப்பு, இரவு நேர அமைதிக்கு மிகப் பொருத்தமானது. ஏறத்தாழ முழுவதும் கருவியிசையே.

கவிஞரின் பெயரைப் பற்றுங்கள். பஞ்சாபின் ஸூஃபிக் கவிஞர் புல்லே ஷாவின் பாடல்களை நுஸ்ரத்தும் பாடினார், சிந்துவின் ஆபிதா பர்வீனும் பாடினார். ஒரே கவியை இரு குரல்களில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பொருள் அறியாதாரும் வேறுபாட்டின் இனிமையை உணர்வர். நம் ஊருக்கும் இது பொருந்தும். ஹனீபாவுக்குப் பாடல் எழுதிக் கொடுத்தவர்களுள் நாகூர்ப் புலவர் ஆபிதீனும் ஒருவர். அப்பெயரைத் தேடுவோர் வேறு பாடல்களையும், வேறு குரல்களையும் அடைவர்.

இவ்வாறு தேடுவதற்குத் துணைகள் உண்டு. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய 'டிஸ்காக்ஸ்' என்னும் தளத்தில், இசைத்தட்டுகளின் உறைகளில் அச்சிடப்பட்ட பெயர்கள் அனைத்தையும் ஆர்வலர்கள் பதிந்து வைத்துள்ளனர். எவர் பாடியது என்றறியாத பாடல் கடையிலோ பேருந்திலோ ஒலித்தால், 'ஷாஸாம்' என்னும் செயலி சில நொடிகள் கேட்டு அதன் பெயரைச் சொல்லும். 2016-ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் உருவான 'ரேடியோ கார்டன்' தளத்தில் உலக உருண்டை ஒன்று தோன்றும். அதைச் சுழற்றி ஒரு நகரைத் தொட்டால் அந்நகரின் வானொலி அந்நேரமே ஒலிக்கும். அறியாத ஊரின் சிற்றுண்டிக் கடையில் அமர்ந்து கேட்பது போன்ற இன்பம் அது.

வரையறையும் பொறுமையும்

இசை குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கருவிகளை விலக்கி, குரலையும் தஃபையும் மட்டுமே ஏற்கும் இல்லங்கள் நம்மிடையே பல. அத்தகையோருக்கும் இணையத்தில் இடமுண்டு. சுவீடனில் வளர்ந்த மாஹிர் ஜைன், 2009-இல் வெளியிட்ட தம் முதல் தொகுப்பைத் தாளக் கருவி மட்டும் கொண்ட மற்றொரு வடிவிலும் தந்தார். தேடும்போது 'குரல் மட்டும்' என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். அவரவர் வரையறையும் அவரவர் சுவையின் ஒரு பகுதியே. அதைக் கணினிக்குச் சொல்ல வேண்டியவர் நாமே.

பொறுமையும் வேண்டும். முதல் பத்து நொடியில் பிடிக்கவில்லை என்று தள்ளிவிடும் பழக்கம் கைபேசியால் வந்த நோய். எகிப்தின் உம்மு குல்ஸூம் 1964-இல் முதன்முதலாகப் பாடிய 'இன்த உம்ரீ' அரங்கில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீளும். அவர் வாயைத் திறக்கும் முன்னரே கருவிகள் பல நிமிடங்கள் ஒலிக்கும். பத்து நொடியில் தீர்ப்பு எழுதுவோர் அவர் குரலையே கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு சிற்றூர் இமாமின் மகளாகப் பிறந்து, தந்தையோடு வீட்டு விசேஷங்களில் இறைப்பாடல் பாடித் தொடங்கியவர் அவர். அவருடைய ஆசிரியர் ஷைகு அபுல் அலா முஹம்மத். ஆசிரியரின் பெயரைப் பற்றி மேலும் பின்னோக்கிச் சென்றால், லெபனானின் 'அமர்' அறக்கட்டளை காத்து வரும் பழைய அரபு இசைத்தட்டுகளை அடையலாம். 1911-இல் மறைந்த ஷைகு யூசுப் அல்-மன்யலாவியின் குரலை இன்று நம் வீட்டுக் கூடத்தில் கேட்க முடிகிறது என்றால், அது இணையம் நமக்களித்த கொடையன்றோ?

போலிகளையும் இவ்வழியே இனங்காணலாம். 2025-ஆம் ஆண்டில் ஸ்பாட்டிஃபையில் மாதம் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட நேயர்களைப் பெற்ற ஓர் இசைக்குழு, செயற்கை அறிவால் உருவாக்கப்பட்டது என்று பின்னர் வெளிப்பட்டது. பரிந்துரைகள் அதைத் தயங்காமல் முன் வைத்தன. ஆனால் பெயரைப் பற்றி நடப்பவரை அவ்வாறு ஏமாற்றுவது கடினம். அந்தக் குழுவுக்கு ஆசிரியர் இல்லை, ஊர் இல்லை, மேடை இல்லை, உடன் வாசித்தவரும் இல்லை. பற்றிக் கொள்ள எதுவும் இல்லாத இடத்தில் ஐயம் தானே எழும்.

நம் அலமாரியில் உறங்கும் குரல்கள்

இறுதியாக ஒன்று. 1990-இல் நுஸ்ரத் பாடிப் பதிந்த நான்கு பாடல்களின் நாடா, ரியல் வேர்ல்டு நிறுவனத்தின் காப்பறையில் நெடுங்காலம் எவர் நினைவிலும் இன்றிக் கிடந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் கண்டெடுக்கப்பட்டு, 2024-ஆம் ஆண்டில் 'செயின் ஆஃப் லைட்' என்னும் பெயரில் வெளிவந்தது. பாடியவர் மறைந்து 27 ஆண்டுகளுக்குப் பின் உலகம் அவருடைய புதிய பாடலைக் கேட்டது.

நம் வீடுகளிலும் நாடாக்கள் கிடக்கின்றன. நிக்காஹ் நாளில் ஊர்ப் பாவலர் பாடிய வாழ்த்து, மூத்த பெண்மணிகள் கூடியிருந்து பாடிய தாலாட்டு, எந்த நிறுவனமும் வெளியிடாத முனாஜாத். இவை எந்தச் சேவையிலும் இல்லை. இணையத்தில் ஏறாத பாடலை எந்தக் கணினியும் எவருக்கும் பரிந்துரைக்க இயலாது. காந்த நாடாவோ ஈரத்தாலும் வெப்பத்தாலும் ஆண்டுதோறும் அழிந்து கொண்டே வருகிறது. பழுது நீக்கிய ஒரு நாடாப் பெட்டியும், அதைக் கணினியோடு இணைக்கும் ஒரு கம்பியும் இருந்தால், அந்தக் குரல்களை மாற்றிப் பதிந்து விடலாம். பாடியவர் பெயர், எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றையும் உடன் எழுதி வையுங்கள். பாடியவரின் அல்லது அவர்தம் குடும்பத்தாரின் இசைவு பெற்ற பின், பலரும் கேட்கும்படி இணையத்தில் ஏற்றுங்கள்.

பெருநாள் இரவில் வாப்பா கேட்ட கேள்விக்கு மகன் இப்போது விடை சொல்லலாம். "இருக்கிறார்கள் வாப்பா. இன்று ஒருவரைக் கேட்போம். பிடித்திருந்தால் அவர் பெயரைப் பற்றிக் கொண்டு நாளை இன்னொருவரைக் காண்போம்." கேட்டுப் பிடித்துப் போன பாடலை அண்டை வீட்டாருக்கோ, தொலைவில் வாழும் சகோதரிக்கோ, "இது உங்களுக்குப் பிடிக்கும்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வளைகுடாக் காக்கா அன்று நமக்குச் செய்த உதவி அதுவே. அதைத் தொடர்ந்து செய்ய வேண்டிய முறை இப்போது நம்முடையது.